கேட்காமலே வந்த விடை

வலங்கைமானை வெளியூர்க்காரர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள்: பாடைக்காவடி எடுக்கிற ஊர், வெடி செய்கிற ஊர். பங்குனியில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, செத்துப் பிழைத்தவர்கள் உயிரோடு பாடையில் படுத்து வருவார்கள். கிடப்பது யார் என்று அங்கே யாருக்கும் சந்தேகம் வராது. முகம் தெரியும், சுமப்பது சொந்தக்காரர்கள்.

வெடிக் கொட்டகை தீப்பிடித்தால் அப்படியில்லை. முகமும் மிஞ்சாது, கைரேகையும் மிஞ்சாது. சிவகாசியானாலும் வலங்கைமானானாலும் அதற்குப் பிறகு நம்பக்கூடியது பல்லும் எலும்பும்தான். கடைவாய்ப் பல்லிலிருந்தோ தொடை எலும்பிலிருந்தோ டிஎன்ஏ எடுப்பார்கள். பெற்றோரின் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை அட்டையில் காயவைத்து, இரண்டையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

அங்கே பார்ப்பது குரோமோசோம்களில் இருபதுக்குக் கொஞ்சம் முன்பின்னான இடங்களை மட்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு துண்டு எத்தனை தடவை திரும்ப வருகிறது என்று எண்ணினால் ஆளுக்கு இரண்டு எண்: ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. உடலில் 12, 15 என்று இருக்கிறது. அம்மாவுக்கு 12, 14. அப்படியானால் 15 அப்பாவிடம் இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் இல்லையென்றால் பதறத் தேவையில்லை. பிள்ளைக்குப் போகும்போது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு தடவை எண் தானாகவே மாறிவிடும். நான்கைந்து இடங்களில் இல்லையென்றால்? அம்மாவோ எல்லா இடத்திலும் அச்சாகப் பொருந்துகிறார். மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளருக்கு, யாருமே கேட்காத ஒரு கேள்விக்கு இப்போது விடை தெரிந்துவிட்டது.

இதில் தப்பு செய்ய இரண்டு வழி உண்டு. அப்பாவின் ரத்தத்தை மட்டும் நம்பி 'பொருந்தவில்லை' என்று எழுதிவிட்டால், பெற்ற தாய் வாசலில் காத்திருக்கும்போதே பிள்ளை அநாதைப் பிணமாகிவிடும். தெரிந்ததையெல்லாம் எழுதினாலோ, பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத வீட்டில் இன்னொரு இடி விழும். கேட்டது 'இது யாருடைய உடல்' என்பது. அதற்கு விடை சொன்னால் போதும் என்பதுதான் என் கட்சி. பொய் எழுத வேண்டியதில்லை. தாயோடும் கூடப் பிறந்தவர்களோடும் ஒப்பிடலாம்; தாய்வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ துணைக்கு இருக்கிறது. இறந்தவர் பயன்படுத்திய பல் துலக்கும் பிரஷ் கிடைத்தால் அப்பாவின் ரத்தமே வேண்டாம்.

எதிர்பாராதது எல்லாம் குடும்ப ரகசியமாகத்தான் இருக்கும் என்றில்லை. ஆணா பெண்ணா என்று அறிய, பல் எனாமலோடு தொடர்புள்ள அமெலோஜெனின் மரபணுவைப் பார்ப்பது வழக்கம். அதில் சோதிக்கும் துண்டு, எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் பிரதியைவிட ஒய் குரோமோசோமில் 6 டிஎன்ஏ எழுத்து கூடுதல் நீளம். இரண்டும் தெரிந்தால் ஆண். 1998இல் வெளியான ஓர் ஆய்வில் இலங்கை ஆண்கள் 24 பேரில் 2 பேருக்கு அந்த ஒய் பிரதியே இல்லை. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மைய விஞ்ஞானிகள் 2002இல் 270 இந்திய ஆண்களைச் சோதித்தபோது 5 பேர் அப்படி. மலேசிய இந்தியர்களிடம் இது 3 சதவீதத்துக்கும் மேல். அங்கே இந்தியர் என்றால் பெரும்பாலும் தமிழர்தானே! அந்தத் துண்டு இல்லாததால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை; அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்குகிறது. ஆனால் மீசைக்காரர் சிந்திய ரத்தத்தைக் கருவி 'பெண்' என்று சொல்லிவிடும். மேலைநாட்டில் மிக அரிதான இந்தச் சிக்கலை நம் ஆய்வுக்கூடங்கள் நினைவில் வைத்து, ஒய்யின் வேறு இடங்களையும் பார்த்தாக வேண்டும்.

அப்பா யார் என்ற விஷயத்தில் சட்டமும் நாவை அடக்கத்தான் சொல்கிறது. செல்லுபடியான திருமணத்தில் பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளையே என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 112ஆம் பிரிவில் சொன்னதைப் புதிய சட்டம் 116ஆம் பிரிவில் தொடர்கிறது. தஞ்சை மாவட்டத்தில் தொடங்கிய ஒரு மோசடி வழக்கில், டிஎன்ஏ சோதனைக்கு உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் ரத்து செய்தபோது இந்தப் பிரிவும் அந்தரங்க உரிமையும்தான் முன்னால் நின்றன. ஆனால் விபத்துக்குப் பிறகு அட்டையில் காய்ந்திருக்கும் ரத்தத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2019இல் மக்களவைக்கு வந்த டிஎன்ஏ மசோதாவை 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அப்படியொரு சட்டம் வரும்வரை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ரத்தம் கொடுக்கும்போது, அறிக்கையில் எதை எழுதுவீர்கள், எதை எழுத மாட்டீர்கள் என்று கேளுங்கள். அப்பாவை மட்டும் அனுப்பாமல் அம்மாவையும் உடன்பிறந்தவர்களையும் கூட்டிப் போங்கள். காணாமல் போனவர் பல் துலக்கிய பிரஷைக் கழுவாமல் ஒரு காகித உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.