செல்லுக்குள் ஓர் எழுத்துப்பிழை – 9
மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்குங்கள்

போன வாரம், தலைமுறை தலைமுறையாக வரும் பெருங்குடல் புற்றுநோயைப் பார்த்தோம். இந்த வாரம் அரிதான வேறொரு புற்றுநோய். பெயர் ஜிஸ்ட். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் பத்துப் பதினைந்து பேருக்கு வரும். இரைப்பை, சிறுகுடலின் தசைச்சுவரில் வளரும்.

ஆழ்வார்திருநகரியில் வாழை போட்டிருக்கும் பெரியவர் ஒருவருக்கு மலம் கறுப்பாகப் போனது. வரப்பில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் நாட்டு மருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினார். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் முடிந்து, ஜிஸ்ட் என்று தெரிந்த பிறகு அவர் மகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்பாவுக்கு வந்தது நாளைக்கு எனக்கும் வந்துருமா அண்ணாச்சி?"

வராது என்றே சொல்லலாம். ஜிஸ்ட் கட்டியில் இருக்கும் மரபணு மாற்றம் பெரும்பாலும் பிறவியில் வந்ததல்ல. வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் நேர்வது. வழிவழியாக வரும் குடும்பங்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை மறைக்க வேண்டியதில்லை.

1998-ல் ஜப்பானின் ஒசாகாவில் ஹிரோட்டா, கிட்டமுரா குழுவினர் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். 'கிட்' என்ற புரதம், வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால் மட்டும் செல்லை வளரச் சொல்லும். அதன் மரபணு மாறிவிட்டால், ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்ட தோட்டத்து மோட்டார் மாதிரி நிற்காமல் ஓடும். 2000-ல் ஹெல்சிங்கியில், ஜிஸ்ட் கல்லீரல்வரை பரவியிருந்த ஒரு பெண்ணுக்கு ஹெய்க்கி யொவென்சு இமாட்டினிப் மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் கட்டிகள் சுருங்கின. அதுவரை கீமோவுக்கு அசையாத நோய் அது.

அந்த மாத்திரை நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த கதை சென்னையில் நடந்தது. இமாட்டினிப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை, 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் எதிர்த்து நின்றது. 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம், 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் என்று நிறுவனம் தோற்றது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விற்ற மாத்திரைக்கு ஈடானது இங்கே 8,000 ரூபாய் அளவில் கிடைத்தது. நம் மாநிலத்தில் எத்தனை பேர் பெருமையாக நினைவில் வைத்திருக்கிறோம்?

விலை இறங்கியது. ஆனால் மாத்திரை எல்லோருக்கும் ஒன்றுபோல் கேட்காது. மாற்றம் 'கிட்' மரபணுவில் எக்ஸான் 11 என்ற பகுதியில் இருந்தால் 400 மில்லிகிராம் நன்றாக வேலை செய்யும். எக்ஸான் 9 என்றால், பரவிய நோயில் இரட்டிப்பு அளவு தேவைப்படலாம். பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் டி842வி மாற்றம் என்றால் இமாட்டினிப் அநேகமாகப் பயன்படாது. அதற்கென வந்த அவாப்ரிட்டினிப்புக்கு 2020-ல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 'சிடி117 பாசிட்டிவ்' என்ற பயாப்சி ரிப்போர்ட்டோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கட்டியில் அந்தப் புரதம் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். எங்கே மாற்றம் என்று சொல்லாது.

பெரியவரின் ஃபைலிலும் அந்த ஒரு வரிதான் இருந்தது. மாற்றம் எங்கே என்று பார்க்க, மகள் லேபுக்குப் போய், கையெழுத்துப் போட்டு, கட்டியின் துணுக்கைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியை, அதாவது பிளாக்கை, வாங்கி வந்தார். கட்டைவிரல் அகலப் பிளாஸ்டிக் சட்டம், நடுவே வெள்ளை மெழுகு, அதற்குள் பழுப்பாக ஒரு துணுக்குச் சதை, ஓரத்தில் பென்சிலில் எழுதிய எண். மரபணுப் பரிசோதனைக்கு இது போதும். அவரை மறுபடி அறுக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது அந்த எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மெழுகு உருகும், அதனால் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பரிசோதனை முடிந்ததும் பிளாக்கைத் திருப்பிக் கேளுங்கள். நாளைக்கு வேறு மருந்து வந்தால் அதுவே மறுபடி வேண்டியிருக்கும்.