கதவில் கேட்ட அனுமதியும் கொப்பியில் எழுதிய குறிப்பும்

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் மஹல்லாவில் வீடு வீடாகச் சென்று தஃவாச் செய்யும் குழுவில் நானும் இருந்தேன். என் கையெழுத்து கொஞ்சம் திருத்தம் என்பதால் கொப்பியை என்னிடம் தந்தார்கள். வீட்டு இலக்கம், குடும்பத் தலைவரின் பெயர், ஆண்கள் எத்தனை பேர், தொழுகைக்கு வருபவர் எத்தனை பேர் என்று நிரல்கள் போட்டோம். கடைசி நிரலுக்குக் ‘குறிப்பு’ என்று பெயர். அடுத்த முறை போகும்போது ஞாபகம் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ‘மூத்த மகன் ஜும்ஆவுக்கும் வாறல்ல’, ‘கடன் கஷ்டம்’, ‘மகள் தலாக் ஆகி வீட்டில’ என்று வீட்டுக்கு ஒரு வரி விழுந்தது.

அடுத்த கிழமை யார் எந்த ஒழுங்கைக்குப் போவது என்று பிரிப்பதற்காக ஒரு சகோதரர் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போட்டார். படம் அங்கிருந்து எங்கெல்லாம் போனது என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஒரு உம்மா என்னை வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கதவுக்குப் பின்னால் நின்றபடியே பேசினார். மகளுக்கு மறுமணப் பேச்சு ஒன்று வந்திருந்ததாம். இவர்கள் வாய் திறக்கும் முன்னமே மாப்பிள்ளை வீட்டார் அந்த வரியைப் படத்தில் பார்த்திருந்தார்களாம்.

“மகன், நீங்க ஸலாம் சொன்னீங்க, பதில் சொன்னேன். மார்க்கம் பேசினீங்க, காது குடுத்துக் கேட்டேன். என்ட புள்ளட கதைய எழுதச் சொல்லி நான் எப்ப சொன்ன?”

எனக்குப் பதில் வரவில்லை. அந்த உம்மா கேட்ட அதே கேள்வியை ஐரோப்பாவில் பல நீதிமன்றங்கள் ஏறத்தாழப் பத்து வருடம் விசாரித்திருக்கின்றன என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் வழக்கின் விஷயம் நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

ஃபின்லாந்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீடு வீடாகப் போய்ப் போதிப்பவர்கள். திரும்பப் போகும்போது உதவட்டும் என்று பெயர், விலாசம், அந்த ஆளின் மத நம்பிக்கை, குடும்ப நிலை ஆகியவற்றை அவர்கள் குறித்து வைத்தார்கள். அந்த வீட்டாருக்கு இது தெரியாது. அவர்களிடம் சம்மதம் கேட்கப்படவும் இல்லை. 2013 செப்டெம்பரில் ஃபின்லாந்தின் தரவுப் பாதுகாப்புச் சபை, சட்ட நிபந்தனைகளைப் பேணாமல் இப்படித் தகவல் சேர்க்கக் கூடாது என்று அந்தச் சமூகத்துக்குத் தடை விதித்தது. வழக்கு மேலே மேலே போய், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018 ஜூலை 10ஆம் திகதி தீர்ப்பளித்தது.

அந்தப் பிரிவினர் வைத்த வாதங்கள் நாமும் சொல்லக்கூடியவைதான். முதலாவது, ‘இது எங்கள் சொந்தக் குறிப்பு’ என்பது. சொந்த, வீட்டுப் பாவனைக்கு ஒருவர் எழுதி வைப்பதில் தரவுச் சட்டம் தலையிடுவதில்லை. கல்யாணத்துக்கு அழைப்பவர்களின் பட்டியலை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் போதனை என்பது தன் வீட்டை விட்டு வெளியே, பிறர் வாசலுக்குப் போய்ச் செய்யும் காரியம். அதை வீட்டுக் காரியம் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். போதிப்பது மதச் சுதந்திரத்தில் அடங்கும் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அது எழுதுவதற்கான விதிகளிலிருந்து விலக்குத் தராது.

இரண்டாவது, ‘கையால் கிறுக்கிய கடதாசிதானே, பதிவேடு அல்லவே’ என்பது. இதற்கு நீதிமன்றம் சொன்ன அளவுகோல் எளிமையானது. கணினி வேண்டியதில்லை, அட்டவணைகூட வேண்டியதில்லை. ஏதோ ஓர் ஒழுங்கில் எழுதப்பட்டு, பிறகு அந்த ஆளின் தகவலை இலகுவாகத் தேடி எடுக்க முடிந்தால் அது பதிவேடுதான். ஒழுங்கை வாரியாக எழுதிய எங்கட கொப்பி அந்த அளவுகோலுக்கு அப்படியே பொருந்துகிறது.

மூன்றாவது வாதம்தான் முக்கியம். ‘எழுதியவர்கள் தனி ஆட்கள், அமைப்பு அந்தக் குறிப்புகளைப் பார்த்ததே இல்லை.’ பகுதிகளைப் பிரித்துக் கொடுத்தது யார், போதனையை ஒழுங்குபடுத்தி ஊக்கப்படுத்தியது யார் என்று நீதிமன்றம் பார்த்தது. அமைப்பு குறிப்புகளைக் கண்ணால் காணாவிட்டாலும், எழுதும்படி எழுத்தில் கட்டளை இடாவிட்டாலும், எழுதியவரோடு சேர்ந்து அதுவும் பொறுப்பாளிதான் என்று தீர்ந்தது. நம் பாஷையில் சொன்னால், ‘அந்தப் பையன் எழுதினான், எங்களுக்குத் தெரியாது’ என்று நிர்வாகம் கை கழுவ முடியாது.

பின்னர் அவர்கள் மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றத்துக்கும் போனார்கள். சம்மதம் கேட்கச் சொல்வது மதச் சுதந்திரத்தை மீறுவதாகாது என்று 2023 மே மாதம் அங்கும் தீர்ப்பு வந்தது. போதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எழுதவே கூடாது என்றும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

மதம் பற்றிய தகவலுக்கு ஏன் இவ்வளவு காவல்? நெதர்லாந்தின் குடிசனப் பதிவேட்டில் ஆட்களின் மதம் எழுதப்பட்டிருந்தது. நல்ல நிர்வாகத்துக்காக வைத்த பதிவு. 1940இல் நாஸிகள் நாட்டைப் பிடித்தபோது யூதர்களை வீடு வீடாகத் தேட அதுவே உதவியது. நாமும் வெகுதூரம் போகத் தேவையில்லை. 1983 ஜூலையில் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் அடையாளம் காண வன்முறைக் கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்குப் போடுவதற்காக எழுதிய பெயர்கள் அவை. எழுதியவரின் நிய்யத் பட்டியலோடு கூடவே போவதில்லை. யார் கைக்குப் போகிறதோ, அவருடைய நிய்யத்துக்குத்தான் அது வேலை செய்யும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீட்டில் இருந்த அறபுக் கிதாபுகளைக்கூட எங்கே வைப்பது என்று தவித்த நமக்கு, ‘இன்னார் இன்ன ஜமாஅத்’ என்று எழுதிய கொப்பி என்னவாக மாறக்கூடும் என்று விளக்க வேண்டியதில்லை.

எழுதுவதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டவர்களின் பெயர்களை எழுதித் தரும்படி நபி (ஸல்) அவர்கள் கேட்டதையும், ஆயிரத்து ஐந்நூறு ஆண்களை எழுதியதையும் ஹுதைபா (ரழி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. உமர் (ரழி) அவர்கள் கொடுப்பனவுகளுக்காகத் தீவான் பதிவேட்டையே ஏற்படுத்தினார்கள். அவற்றில் தேவை தெளிவாக இருந்தது. தேவைக்கு அளவாகவே எழுத்தும் இருந்தது.

பிறர் வாசலில் நிற்கும் ஒழுக்கத்தைச் சூரா அந்நூரின் 27, 28ஆம் வசனங்கள் நமக்குக் கற்றுத் தருகின்றன. அனுமதி கேட்டு ஸலாம் சொல்ல வேண்டும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று ஹதீஸில் வருகிறது. வீட்டுக்குள் கண் போய்விடக் கூடாது என்பதற்காகவே அந்தக் காவல். நான் அந்த வாசலில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன், உண்மைதான். ஆனால் என் பேனா உள்ளே போய் வந்துவிட்டது. கண் கண்டதாவது மறந்துபோகும். எழுதியது அப்படியே இருக்கும். சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் சேர்த்தே தடுக்கிறது. எங்கள் ‘குறிப்பு’ நிரல் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. மத நம்பிக்கை, சுகநலம், சிறுபிள்ளைகள் பற்றிய தகவல்களை அது விசேட வகையாக வைத்து, கூடுதல் காவல் கொடுக்கிறது. தனி ஆளின் சொந்த, வீட்டுப் பாவனைக்கு அங்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு ஃபின்லாந்தில் எதுவரை செல்லுபடியானது என்பதை மேலே பார்த்தோம். சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நாங்கள் செய்தவற்றை மற்ற மஹல்லாக்களுக்கும் உதவும் என்று சொல்கிறேன். ‘குறிப்பு’ நிரலை முழுதாக எடுத்துவிட்டோம். எதையாவது எழுத வேண்டி வந்தால், ஏன் எழுதுகிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, வீட்டாரின் சம்மதத்தோடு அவர் கண் முன்னாலேயே எழுதுகிறோம். ‘எங்கட வீட்டுக்கு வர வேணாம்’ என்று ஒருவர் சொன்னால் அதையும் எங்காவது குறிக்கத்தானே வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குழு போய்த் தட்டும். அதற்கு வீட்டு இலக்கம் மட்டும் போதும். பெயரும் காரணமும் தேவையில்லை. கொப்பியைப் படம் பிடிப்பதில்லை. அது ஒருவரின் பொறுப்பில் பூட்டி இருக்கும், வருட முடிவில் அழிக்கப்படும். தன்னைப் பற்றி எழுதியதைக் காட்டச் சொன்னால் காட்டுவோம், வெட்டச் சொன்னால் வெட்டுவோம்.

ஸகாத் பெறுவோரின் பட்டியலுக்கு இதைவிடக் காவல் வேண்டும். கணக்குப் பார்ப்பவருக்கு இலக்கமும் தொகையும் போதும்; பெயர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் தெரியத் தேவையில்லை.

“இப்படிப் பார்த்தா வேல நடக்காது நானா” என்று ஒரு தம்பி சொன்னார். கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறது. முன்பு ஒரு பின்னேரத்தில் இருபது வீடு போனோம்; இப்போது பத்து, பன்னிரண்டுதான். ஆனால் கொப்பியை மூடி வைத்துவிட்டுப் பேசும் வாசல்களில் ஆட்கள் கூடுதல் நேரம் நின்று பேசுகிறார்கள். அந்தப் பிள்ளையின் கல்யாணப் பேச்சு பிறகு சரிவரவில்லை. நான் எழுதிய அந்த ஒரு வரிக்கு நாளை அல்லாஹ்வின் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.