யுத்தத்தில் பிழைத்தவர்கள் வீட்டில் சாவதா? உயிரைக் காக்கும் ஒரு தாள் காகிதம்!

வாஷிங்டன்: குண்டு மழையில் தப்பி வந்தவன், ஊர் திரும்பிய பிறகு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். அமெரிக்காவில் இது தினசரி நடக்கும் சங்கதி. 2022-ம் ஆண்டில் மட்டும் 6,407 முன்னாள் ராணுவத்தினர் இப்படி இறந்தார்கள். நாளொன்றுக்கு 17 பேருக்கும் மேல்! அந்நாட்டு அரசாங்கமே வெளியிட்ட கணக்கு இது.

"சண்டையில் பார்த்த கோரம்தான் காரணம்" என்று சட்டென்று சொல்லத் தோன்றும். விஷயம் அவ்வளவு லேசு இல்லை. 39 லட்சம் படைவீரர்களின் பதிவேடுகளை அலசிய ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. போர்முனைக்குப் போனவர், போகாதவர் என்று அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. யூனிபாரத்தைக் கழற்றியவர்களிடம்தான் ஆபத்து கூடியிருந்தது. அதிலும் 4 வருஷம் முடியும் முன்பே வெளியே வந்தவர்கள், நல்ல பெயர் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் பாடு ரொம்ப மோசம்.

பட்டாளத்தில் சாப்பாடு, படுக்கை, உத்தரவு எல்லாம் நேரத்துக்கு வரும். பக்கத்தில் உயிரைக் கொடுக்கும் தோழன் இருப்பான். ஒரே நாளில் அத்தனையும் போச்சு! அதோடு உடம்பு வலி, தூக்கமின்மை, குடி, கடன், குடும்பச் சண்டை என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏறினால் மனுஷன் என்ன செய்வான்?

5 வாரம் தாமதம்

டெக்சாசைச் சேர்ந்தவர் கிளே ஹண்ட். கடற்படைத் தரைப்பிரிவு வீரர். ஈராக்கில் மணிக்கட்டில் குண்டு பாய்ந்தது. நண்பர்களைப் பறிகொடுத்தார். அப்புறம் ஆப்கானிஸ்தானுக்கும் போனார்.

ஊர் திரும்பியவர் சும்மா முடங்கிக் கிடக்கவில்லை. 2010-ல் ஹைத்தி பூகம்பத்தில் அடிபட்டவர்களுக்கு உதவ, பழைய தோழர்களோடு ஓடினார். "தனியாக இல்லை, உதவி கேளுங்கள்" என்று வீரர்களுக்குச் சொல்லும் விளம்பரத்திலும் நடித்தார்.

ஆனால் மனப் பாதிப்புக்கான உதவித்தொகையை உயர்த்தக் கேட்டுப் போட்ட மனு மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. 2011 மார்ச்சில் அவர் இறந்தார். வயது 28. மனு ஏற்கப்பட்ட தகவல் வந்தது 5 வாரம் கழித்து! பெற்ற தாய் காங்கிரஸ் சபைக் கமிட்டி முன் வந்து இதைச் சொன்னார். 2015 பிப்ரவரியில் அவர் பெயராலேயே தற்கொலைத் தடுப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்டார்.

நண்பர்கள், சமூக சேவை எல்லாம் பெரிய பலம்தான். ஆனால் கெட்ட நேரத்தில் அது மட்டும் போதாது. அந்த நேரத்தைத் தாண்ட வைக்க வேறொன்றும் வேண்டும்.

ஒரே ஒரு தாள்

சாகும் எண்ணம் அலை மாதிரி. உச்சத்துக்கு ஏறும், பிறகு இறங்கும். இறங்கும் வரை ஆளைப் பிடித்து நிறுத்துவதுதான் காரியம்.

அதற்கு டாக்டர்கள் கண்டுபிடித்த ஆயுதம் ஒரு தாள் காகிதம். எண்ணம் வரும்போது முதலில் என்ன அறிகுறி தெரியும்? மனதைத் திருப்ப என்ன செய்வேன்? எங்கே போய் நாலு பேரோடு இருப்பேன்? யாருக்கு டெலிபோன் செய்வேன்? எல்லாவற்றையும் வீரரே தன் கைப்பட எழுதிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி ஊழியர் பிறகு போன் போட்டு விசாரிப்பார். முன்னாள் ராணுவத்தினருக்கான 9 ஆஸ்பத்திரிகளில் 1,640 பேரை 6 மாதம் கவனித்தார்கள். இந்தத் தாளும் போனும் கிடைத்தவர்களிடம் தற்கொலை முயற்சி போன்ற செய்கைகள் சுமார் 45 சதவீதம் குறைவு. 2018-ல் வெளியான முடிவு இது. செலவு? காகித விலையும் கொஞ்சம் நேரமும்தான்!

சாவி யாரிடம்?

இறந்த அமெரிக்க வீரர்களில் நாலில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்களின் சாவு துப்பாக்கியால் நேர்ந்தது. "துப்பாக்கியைப் பிடுங்குவோம்" என்றால் ஒருத்தரும் ஆஸ்பத்திரி பக்கம் வரமாட்டார்கள். அதனால் டாக்டர்கள் தந்திரமாகப் பேசுகிறார்கள். "பூட்டி வை. மனசு சரியில்லாத நாட்களில் சாவி சிநேகிதனிடம் இருக்கட்டும்" என்கிறார்கள்.

இதற்கு இஸ்ரேலில் ஓர் ஆதாரம் உண்டு. அது பணியில் இருக்கும் சிப்பாய்கள் சமாச்சாரம். வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது ஆயுதத்தை முகாமிலேயே வைத்துவிட வேண்டும் என்று 2006-ல் உத்தரவு போட்டார்கள். தற்கொலைகள் 40 சதவீதம் குறைந்துபோயின.

கேட்டால் என்ன?

"நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா?" என்று வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மனைவியோ, தம்பியோ, கூட வேலை பார்ப்பவரோ கேட்டுவிட்டால் பலருக்குப் பாரம்தான் இறங்குகிறது.

அமெரிக்க வீரர்கள் இப்போது 988-ஐச் சுழற்றி 1-ஐ அழுத்தினால் இரவு பகல் எந்நேரமும் ஆள் பேசும். 2023 ஜனவரி முதல் உயிருக்கு ஆபத்தான மனநிலையில் வரும் வீரர்களுக்கு அவசர சிகிச்சையும் இலவசம்.

(நம் நாட்டில் இத்தகைய எண்ணம் வருகிறவர்களும், அவர்கள் வீட்டாரும் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம்.)