தொட்டில் ஓரத்து அடுக்களை

வாங்க வாங்க, வாசல்லயே நிக்காதீங்க! செருப்பைக் கழற்றும்போது மட்டும் கீழே பார்த்துக்கோங்க. குட்டி உலக்கை கிடக்கும், குட்டி ஆட்டுக்கல் உருளும். திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு தொட்டிலில் சிரிக்கிற நாலு மாதத் தம்பியை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் காலையில் ஒரு பெரிய கூத்தே நடந்து முடிந்திருக்கும். இன்றைக்கு உங்களுக்கு அதைத்தான் காட்டப்போகிறேன்.

ஆச்சி பின்கட்டில் மணைப்பலகை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தால் குளியல் ஆரம்பம். தம்பி காலில் குப்புறக் கிடப்பான். பக்கத்திலேயே அவன் அக்கா, என் மூணு வயதுப் பெரியவளும் காலை நீட்டிவிடுவாள். அவள் காலில் மரப்பாச்சி. ஆச்சி தம்பியின் முதுகை நீவினால், இவள் மரப்பாச்சியின் முதுகை நீவுவாள். ஆச்சி வெந்நீரில் கைவைத்துப் பார்த்தால், இவள் காலிச் செம்பில் கையைவிட்டு "ஆ, சுடுது!" என்பாள். தம்பி வீறிட்டானோ, மரப்பாச்சிக்காக இவளே வீறிடுவாள்! அடுத்த வீட்டு மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன, ரெண்டு பிள்ளையும் குளிச்சாச்சா?" என்று கேட்காத நாள் இல்லை. சாம்பிராணி மட்டும் இப்போது கிடையாது. பிஞ்சு நுரையீரலுக்குப் புகை ஆகாது என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது சமையல். தொட்டில் ஓரத்தில் கோரைப்பாயை விரித்து, பெரியவள் தன் ஓலைப்பெட்டியைத் திறப்பாள். உள்ளே அம்பாசமுத்திரம் சொப்பு! சட்டி, பானை, குடம், அடுப்பு, அம்மி, உரல், திருகை என்று மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக வெளியே வரும். எங்கள் வீட்டில் மிக்ஸியும் கேஸ் அடுப்பும்தான். திருகை என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்குச் சொப்பில்தான் தெரியும். ஆனாலும் என்ன அரைப்பு, என்ன ஆட்டு!

"ஆச்சி, தம்பிக்கு சொதி வச்சிருக்கேன்."

"ஏட்டி, அவனுக்குப் பல்லே மொளைக்கலையேட்டி!"

"அப்ப ரசம்."

ரசமும் கிடையாது. 14-வது வாரத் தடுப்பூசி போட்ட செவிலியர், 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஆச்சி அன்றைக்கே உரைமருந்துக் கல்லைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள். அந்தக் கல்லை அவள் விட்டுக்கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிறைகிறது. ஆக, சொதி முழுவதும் தாத்தாவுக்கு. அவர் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்பார். நிஜ அடுக்களையில் எனக்குக் கறுப்பு உளுந்தும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் போட்ட உளுந்தம்பருப்புச் சோறு. பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு பலப்பட வேண்டும் என்று நெல்லைச் சீமையில் ஆக்கிப்போடுவது. அதில் பாதிக்குப் பெரியவள் பங்கு கேட்டு வந்துவிடுவாள்.

கோரைப்பாய் என்றதும் ஞாபகம் வருகிறது: அலமாரி மேலே சுருட்டி வைத்திருக்கிறதே, அது எங்கள் கல்யாணப் பாய். பத்தமடையில் நெய்தது. தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய கோரையை முடிபோலக் கீறி, மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் சேர்த்து நெய்து தருவார்கள். அதைப் பிரித்தால் பெரியவளுக்கு ஒரே கேள்விதான்: "எம் பேரு எங்க?" பதிலைத் தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டேன்.

சொப்பு பிறக்கிற இடத்தையும் எட்டிப் பார்ப்போமா? திருநெல்வேலிக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் ஆற்றங்கரை ஊர் அம்பாசமுத்திரம். அங்கே கடைசல் பட்டறையில் மரத்துண்டு சுழலும். உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். கண் முன்னாலேயே பானைக்குக் கழுத்து வரும். சுழலுகிற மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தினால், உராய்கிற சூட்டில் அரக்கு இளகி நிறம் ஏறும். வேடிக்கை பார்த்த பெரியவள் மூச்சுவிடவே மறந்துபோனாள்!

தம்பி பிறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் நேரே தொட்டிலுக்குத்தான் போனார்கள். கதவு மறைவில் நின்ற பெரியவளை வெளியே கொண்டுவந்தது இந்த ஓலைப்பெட்டிதான். அவளுக்கு வீட்டில் ஒரு உத்தியோகம் கிடைத்தது: தம்பிக்குச் சமைக்கிற உத்தியோகம். வேலை முடிந்ததும் சாமானை எண்ணி உள்ளே வைத்து, பெட்டியைத் தம்பி கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்வதும் அவளேதான். குட்டிக் கரண்டி அவன் வாய்க்குள் போய்விடக்கூடாதே!

அதனால், ரெண்டாவது பிள்ளை பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்களே, அல்வாவோடு சேர்த்து ஒரு செட் சொப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய உருப்படியாகப் பார்த்து, அரக்குச் சாயம் ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். அதை மூத்த பிள்ளை கையில் முதலில் கொடுங்கள். தொட்டிலுக்கு அப்புறம் போகலாம்.