கைப்பேசி விளையாட்டுக்குள் இயங்கும் சூதாட்டம்

இன்று கைப்பேசியில் அதிகம் ஆடப்படும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைத் தரவிறக்கக் காசு வேண்டாம். வருமானம் ஆட்டத்துக்கு உள்ளே இருக்கிறது: துப்பாக்கிக்கு ஸ்கின் எனும் புதுத்தோற்றம், கதாபாத்திரத்துக்கு உடை, புதிய வீரர், கூடுதல் உயிர். இவற்றை விலை சொல்லி விற்றால் அது சாதாரண வியாபாரம். பல நிறுவனங்கள் பொருளை விற்பதில்லை. பொருள் கிடைக்கக்கூடிய வாய்ப்பை மட்டும் விற்கின்றன. பணம் கட்டிப் பெட்டியைத் திறக்க வேண்டும், அல்லது சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். என்ன விழும் என்பது பணம் போன பிறகே தெரியும். லூட் பாக்ஸ், க்ரேட், ஸ்பின், காச்சா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் பெயர் மாறினாலும் அமைப்பு ஒன்றுதான். மனநல மருத்துவர்கள் இதைச் சூதாட்டத்தோடு சேர்த்துப் பேசுவதற்கு இந்த அமைப்பே காரணம்.

மூளை சிக்கிக்கொள்ளும் விதம்

எத்தனையாவது முறை பரிசு வரும் என்று சொல்ல முடியாதபோதுதான் ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில் இதைத் தெளிவாகக் காட்டினார். ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்துப் பழகிய உயிர், தீனி நின்றதும் சீக்கிரமே விட்டுவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்துப் பழகியதோ நெடுநேரம் விடாது. சூதாட்ட விடுதிகளின் ஸ்லாட் எந்திரம் இந்த விதியில்தான் ஓடுகிறது; கைப்பேசி ஸ்பின்னும் அப்படியே. மூளையின் டோபமின் அமைப்பு பரிசைப் பெறும் நொடியில் மட்டுமன்றி அதை எதிர்பார்க்கும் நொடியிலும் தூண்டப்படுவதால், பெட்டி திறக்கும் அந்தச் சில விநாடிகளே ஒரு போதையாகிவிடும்.

பெட்டி உடனே திறக்காமல் அதிர்ந்து, ஒளிர்ந்து, நிறம் மாறித் திறப்பது இதற்காகத்தான். சக்கரம் பெரிய பரிசுக்கு ஒரு கட்டம் தள்ளி நிற்பதும் தற்செயல் என்று நம்ப வேண்டியதில்லை. முடிவு கணினியில் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. சுழற்சி வெறும் காட்சி. ஆனால் ‘நூலிழையில் தவறியது’ என்ற உணர்வு, தோல்வியைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள விடாமல் இன்னொரு முறை ஆடத் தூண்டுகிறது.

நிகழ்தகவு செய்யும் வேலை

ஒரு பொருள் கிடைக்க 1 விழுக்காடு வாய்ப்பு என்றால், 100 முறை முயன்றால் கிடைத்துவிடும் என்றே பலரும் கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் 100 முறை முயன்ற பிறகும் 100 பேரில் சுமார் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 200 முறைக்குப் பிறகு 13 பேர், 300 முறைக்குப் பிறகும் 5 பேர். உச்சவரம்பு வைக்காத ஆட்டத்தில் எந்தக் குலுக்கலும் முந்தையதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ‘இவ்வளவு போட்டாச்சு, இனி வந்துதான் ஆக வேண்டும்’ என்ற எண்ணத்துக்குக் கணிதத்தில் இடமே இல்லை.

தொகுப்பை முழுமையாகச் சேர்த்தால் பெரும்பரிசு என்பது இன்னும் கொடியது. ஆறு பொருள்கள், ஆறுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் பொருள் முதல் குலுக்கலிலேயே வந்துவிடும். ஐந்து சேர்ந்த பின் ஆறாவதுக்கு மட்டும் சராசரியாக ஆறு குலுக்கல் தேவை. நடைமுறையில் கடைசிப் பொருளின் வாய்ப்பு மிகக் குறைவாகவே வைக்கப்படும். முக்கால்வாசி சேர்த்தவர் பாதியில் விட மனமில்லாமல் செலவழித்துக்கொண்டே போவார். ஜப்பானில் ‘கம்ப்ளீட் காச்சா’ எனப்பட்ட இந்த முறையை அந்நாட்டு நுகர்வோர் முகமை 2012இல் சட்டவிரோதம் என்று அறிவித்தது.

அத்துடன் சிக்கல் தீரவில்லை. 2016 தொடக்கத்தில் ‘கிரான்ப்ளூ ஃபேன்டசி’ ஆட்டத்தில் ஒரே ஒரு கதாபாத்திரத்துக்காக ஒருவர் 2,276 முறை குலுக்கி, ஏறத்தாழ 7 லட்சம் யென் செலவழித்தார். அதை அவர் நேரலையில் காட்டியதால் விஷயம் நாடெங்கும் பேசப்பட்டது. அதன் பிறகே 300 குலுக்கலுக்கு மேல் போனால் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை நிறுவனம் கொண்டுவந்தது.

பணம் கண்ணில் படாத ஏற்பாடு

ரூபாய் நேராகச் செலவாவதில்லை. முதலில் டைமண்ட், யூ.சி., ஜெம் என்று ஏதோ ஒன்றாக டாப்-அப் ஆகிறது. 2020இல் வெளியான ‘கென்ஷின் இம்பாக்ட்’ இதற்கு நல்ல சான்று. அதில் பணம் ஒரு வகைப் படிகமாகிறது. படிகம் இன்னொரு வகைக் கல்லாகிறது. 160 கற்கள் சேர்ந்தால் ஒரு குலுக்கல். மிகச் சிறிய பொதியில் இருப்பது 60 படிகம். மூன்று பொதி வாங்கினால் 180. ஒரு குலுக்கல் போக 20 மிஞ்சும். 980 பொதிக்கு 110 இலவசம், ஆக 1,090. ஆறு குலுக்கல் போக 130 மிச்சம். ஏழாவதுக்கு 30 குறைகிறது. மிச்சத்தை வீணாக்க மனம் வராது, அடுத்த பொதியை வாங்கத் தோன்றும். மிக உயர்ந்த ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரத்துக்கு ஒரு குலுக்கலில் உள்ள அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90ஆவது குலுக்கலில் ஐந்து நட்சத்திரம் உறுதி என்றாலும், வெளியான காலத்து விதிப்படி அது விரும்பிய கதாபாத்திரமாக இருக்கப் பாதி வாய்ப்பே உண்டு. முதல் 90இல் வேறொன்று வந்தால், துரதிர்ஷ்டசாலி ஒருவர் 180 குலுக்கல் வரை போக நேரிடும். முழுவதையும் காசு கொடுத்தே வாங்கினால் 300 டாலருக்கு மேல் ஆகும். இந்தக் குழப்பமான நாணய மாற்றையும் சிறுவர்களைக் குறிவைத்ததையும் சுட்டிக்காட்டி அமெரிக்க மத்திய வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் அபராதத்துடன் அது சமரசத்தில் முடிந்தது. பெற்றோர் சம்மதமின்றி 16 வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய பெட்டிகளை விற்கக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை.

சட்டத்தின் இடைவெளி

பெரும்பாலான நாடுகளில் சூதாட்டம் என்றால் பரிசுக்குப் பணமதிப்பு இருக்க வேண்டும். துப்பாக்கியின் நிறத்தை விற்றுக் காசாக்க முடியாது என்பதால் இவை தப்பிக்கின்றன. மூளைக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. பணம் திரும்ப வருவதற்கான வழியே இல்லாத ஆட்டம் சூதை விடப் பாதுகாப்பானது என்று சொல்வது நியாயமும் அல்ல. பெல்ஜியம் 2018இல் பணம் கட்டித் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. ஆனாலும் 2022இல் நடந்த ஓர் ஆய்வில், அந்நாட்டில் அதிக வருமானம் ஈட்டிய 100 ஐபோன் விளையாட்டுகளில் 82இல் அவை இருந்தன. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமும், தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் குறிவைப்பது ரம்மி, போக்கர் போலப் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களை. ஸ்கின்னுக்காகச் சுற்றும் சக்கரம் பெற்றோரின் கண்காணிப்புக்கே விடப்பட்டிருக்கிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்

சபலத்தை அடக்கி முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே பதின்வயதினர் இயல்பாகவே எளிதில் அகப்படுவர். டேவிட் ஜெண்டில், பால் கெய்ர்ன்ஸ் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சூதாட்டச் சிக்கல் கடுமையாக உள்ளவர்கள் லூட் பாக்ஸ்களுக்கு அதிகம் செலவிடுவது தெரியவந்தது. பெட்டி சூதாட்டப் பழக்கத்தை உண்டாக்குகிறதா, சூதாட்டப் பழக்கமுள்ளவர் பெட்டியைத் தேடிப் போகிறாரா என்பதை இந்த ஆய்வு மட்டும் முடிவுசெய்யாது. எப்படியானாலும், பெரிய தொகையைக் கறப்பது பலவீனமான நிலையில் உள்ளவர்களிடமிருந்துதான். அதிகம் செலவழிக்கும் சிறு கூட்டத்தைத் தொழில்துறையினர் ‘திமிங்கிலங்கள்’ என்று அழைக்கின்றனர்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றுள்ளது. ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டத்துக்கு முதலிடம், பாதிப்பு வந்த பின்னும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதங்களாவது நீடித்தால் அது நோய் எனக் கொள்ளப்படும். ஆனால் குலுக்கல் செலவு அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. நண்பர்களிடம் கடன், வீட்டில் காணாமல்போகும் சிறு தொகைகள், பெட்டிக்கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கும் ரிடீம் கோடு, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை அழிப்பது, ‘இன்று இரவோடு ஆஃபர் முடிகிறது’ என்று விடிய விடிய விழித்திருப்பது ஆகியவை முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள். விட்ட பணத்தை மீட்க இன்னும் ஆடுவது எல்லாவற்றிலும் மோசமானது.

தடுப்பும் சிகிச்சையும்

பிள்ளை ஆடும் கைப்பேசியில் வங்கி அட்டையையோ யூ.பி.ஐ. கணக்கையோ சேமித்து வைக்கக் கூடாது. கூகுள் பிளே அமைப்புகளில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றலாம். ஐபோனில் குடும்பப் பகிர்வின் கீழ் பெற்றோர் அனுமதி கேட்கும் வசதி உண்டு. தவறுதலாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணம் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆட்டத்தைத் திடீரெனப் பிடுங்குவதை விட, கடந்த மாதச் செலவுப் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து ரூபாயில் கூட்டிப் பார்ப்பது அதிகப் பயன் தரும். அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ பழக்கம் மறைவுக்குப் போகும்.

கட்டுப்பாடு கைமீறிவிட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். எண்ணங்களையும் தூண்டுதல்களையும் அடையாளம் கண்டு மாற்றும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இதற்கு முதன்மையாகப் பயன்படுகிறது. மனச்சோர்வோ கவனக்குறைவுக் கோளாறோ உடன் இருந்தால் அதற்கும் மருத்துவம் தேவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே ‘ஷட்’ கிளினிக்கை 2014 முதல் நடத்துகிறது. மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416இல் 24 மணி நேரமும் தமிழிலும் ஆலோசனை பெறலாம். கடன் சுமையால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணையும் உடனே அழைக்கலாம்.