முள்ளா, பூவா?

புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகிற வழியில் டூமாஸ் வீதியையோ ரோமன் ரோலண்ட் வீதியையோ கடந்திருப்பீர்கள். மஞ்சள் பூசிய மதில்கள். அவற்றின் மேல் ஊதா, ஆரஞ்சு, வெள்ளை என்று கொத்துக்கொத்தாகச் சரிந்து தொங்கும் காகிதப்பூ. சுற்றுலா வருகிறவர்கள் அதன் அடியில் நின்று செல்ஃபி எடுக்காமல் நகர்வதில்லை.

அதே செடியை நர்சரியில் வாங்கி வந்து மொட்டை மாடியில் வைக்கிறோம். வாங்கும்போது செடி நிறையப் பூ. அது உதிர்ந்த பிறகு? இலைக்கு மேல் இலை. நடுநடுவே முள்!

“தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், உரமும் போட்டேன். ஏன் மறுபடி பூக்கவில்லை?” என்று கேட்கிறீர்களா? பதில் அந்த முள்ளில்தான் இருக்கிறது. அதற்கு முன் பூவைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பூ எது?

காகிதப்பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பிரியுங்கள். வண்ண வண்ணமாக மூன்று ‘இதழ்கள்’ தெரியும். அவை இதழ்களே அல்ல. நிறம் மாறிய இலைகள். பாடப்புத்தகத்தில் இவற்றைப் பூவடிச்செதில் என்பார்கள். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் மெல்லிய குழாய் ஒன்று ஒட்டியிருக்கிறதா? அதன் நுனியில் வெள்ளையாக, சின்ன நட்சத்திரம்போல விரிந்திருப்பதுதான் உண்மையான பூ.

இந்த வண்ண இலை உதிர்ந்தாலும் அதன் நிறம் சட்டென்று மங்காது. அந்த ஊதாவுக்குக் காரணம் பீட்டாலைன் என்ற நிறமி. பீட்ரூட்டிலும் செந்தண்டுக் கீரையிலும் இருக்கும் அதே வகைதான். வீதியோரம் முளைக்கும் மூக்கிரட்டையும், சாயங்காலம் மலரும் அந்திமந்தாரையும் காகிதப்பூவின் குடும்பத்துச் சொந்தங்கள்.

கப்பல் பயணத்தில் கிடைத்த செடி

காகிதப்பூவின் தாயகம் தென் அமெரிக்கா. லூயி அந்துவான் தெ பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி 1766ஆம் ஆண்டு உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவருடைய பயணத்தில் கொம்மர்சோன் என்ற தாவரவியலாளர் இருந்தார். அவருக்கு உதவியாளர், ஆண் உடை அணிந்த ழான் பாரே என்ற பெண். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது; அதனால்தான் அந்த வேடம். 1767இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில் இந்தச் செடியைச் சேகரித்தார்கள். கொம்மர்சோனுக்கு அப்போது காலில் புண். ஆகவே கரையில் அலைந்து செடியைப் பறித்தது பாரேயாகவே இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். செடிக்குத் தளபதியின் பெயர் கிடைத்தது: போகன்வில்லா. உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று வரலாறு போற்றும் பாரேவின் பெயர் ஒரு செடிக்குக் கிடைக்க 2012 வரை ஆனது. அது கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி.

ஒரே இடம், இரண்டு வழி

இப்போது முள்ளுக்கு வருவோம். தண்டோடு இலை சேரும் மூலைக்கு இலைக்கோணம் என்று பெயர். முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள்: இலைக்கோணத்திலிருந்து. பூக்கொத்து எங்கிருந்து வருகிறது? அதே இலைக்கோணத்திலிருந்து!

ஆம். அங்கே உட்கார்ந்திருக்கும் சின்ன வளர்நுனி முள்ளாகவும் ஆகலாம், பூக்கொத்தாகவும் ஆகலாம். வெயில் நன்றாக விழுந்து, செடி செய்த சர்க்கரை அந்த நுனிக்குப் போதுமான அளவு போய்ச் சேர்ந்தால் பூ. நிழலில் கிடந்தாலோ, தளதளவென்று வளரும் இளம் இலைகள் சர்க்கரையை எல்லாம் இழுத்துக்கொண்டாலோ முள். பகல் நேரத்தின் நீளமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பகல் குறுகினால் பூக்கும் பக்கம் சாய்கிறது செடி.

புதுச்சேரியில் ஜூன் மாதத்து நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். டிசம்பரில் அது சுமார் 11 மணி 25 நிமிடமாகக் குறைகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். செடி இலை விடும். மழை ஓய்ந்து, மண் காய்ந்து, வெயில் ஏறும்போது பகலும் குறுகியதாக இருக்கிறது. அதனால்தான் பொங்கலுக்குப் பிறகு மதில்கள் அப்படி நிறம் மாறுகின்றன.

நாம் செய்ய வேண்டியது

வெயில்: தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்தில் தொட்டியை வையுங்கள். வராந்தா நிழலில் முள்தான் மிஞ்சும்.

தண்ணீர்: மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். மேல் மண் காய்ந்த பிறகு நன்றாக ஊற்றி, மறுபடி காயவிடுங்கள். தினமும் ஊற்றினால் இலைதான் கொழிக்கும். தொட்டியின் அடித்துளை அடைபட்டால் வேர் அழுகிவிடும். மழைக்காலத்தில் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

உரம்: யூரியா போன்ற நைட்ரஜன் உரம் இலையை வளர்க்கும். அதைக் குறைத்து, மக்கிய தொழுவுரத்தை அளவாகப் போட்டால் போதும்.

கத்தரிப்பு: இதுதான் முக்கியம். கிளையின் நுனி ஆக்ஸின் என்ற ஹார்மோனைச் சுரந்து கீழே அனுப்புகிறது. கண்டிப்பான வகுப்புத் தலைவன் மாதிரி, அது பக்க மொட்டுகளை எழுந்திருக்க விடாது. பூ உதிர்ந்ததும் நுனியை வெட்டிவிட்டால் பக்க மொட்டுகள் கிளைகளாகக் கிளம்பும். காகிதப்பூ புதுக் கிளைகளில்தான் பூக்கும். ஒரு கிளை இருந்த இடத்தில் மூன்று நான்கு வந்தால் பூவும் அத்தனை மடங்கு. முள் குத்தும் என்பதால் தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பெரியவர்கள் துணையோடு வெட்டுங்கள்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உறவினர் இருந்தால், அவர்கள் வீட்டு ஜன்னலில் ஜெரேனியம் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த காற்றை விரும்பும் அது புதுச்சேரிப் புழுக்கத்தில் வாடிவிடும். ஆனால் பாடம் ஏறத்தாழ ஒன்றுதான். வாடிய பூத்தண்டைக் கிள்ளிவிட்டால் விதைக்குப் போகும் உணவு மிச்சமாகும்; நீண்டு போன கிளையை வெட்டினால் புதுத் தளிர் வந்து மறுபடி பூக்கும்.

நீங்களே சோதியுங்கள்

ஒரே நிறக் காகிதப்பூச் செடிகள் இரண்டை ஒரே அளவுத் தொட்டிகளில் வையுங்கள். இரண்டின் நுனிகளையும் ஒரே நாளில் வெட்டுங்கள். ஒன்று முழு வெயிலில், மற்றது நிழலில். இரண்டுக்கும் மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர். வேறு எதையும் மாற்றாதீர்கள். புதுக் கிளைகள் வந்ததும் வாரம் ஒருமுறை ஒவ்வொரு செடியிலும் எத்தனை முள், எத்தனை பூக்கொத்து என்று எண்ணி நோட்டில் அட்டவணை போடுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த அட்டவணையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.