குட்டியானையில் ஐந்து இரவு: கடலோரம் போய்ப் பார்த்து வந்த கடைமடைத் தம்பதி

உளுந்து எடுத்த கையோடு கோயில், குளம் என்று கிளம்புவது டெல்டாவில் வழக்கம்தான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த தம்பதி பங்குனியில் கிளம்பியது வேறு காரணத்துக்காக. (கேட்டுக்கொண்டதால் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.) அவர்களுடைய 3 ஏக்கர் நிலத்தை இறால் குட்டைக்குக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்திருந்தது. போர் தண்ணீர் உப்பேறி, சம்பாவில் பாதிதான் தேறியிருந்தது. கொடுத்துவிடலாம் என்பது கணவரின் எண்ணம். மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. "ஏங்க, கடலோரம் பூரா உப்புத் தண்ணிதானே? அங்க இருக்கறவங்க எப்படிப் பொழைக்கிறாங்கன்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்து பதில் சொல்லுவோம்" என்றார். அப்படித்தான் பயணம் முடிவானது.

வண்டியே வீடு

நெல் மூட்டை ஏற்றும் அவர்களது குட்டியானை வண்டிதான் ஐந்து இரவும் வீடு. பின்பக்கம் மூங்கில் வளைத்துத் தார்ப்பாய் கட்டினார்கள். பாய், ஒற்றை அடுப்பு, இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன், அரிசி, பருப்பு, வீட்டு ஊறுகாய். பகலில் வயல்களைப் பார்ப்பது, இரவில் கோயில் வாசல் அல்லது பெட்ரோல் பங்க் ஓரம் கேட்டு நிறுத்துவது என்று ஏறக்குறைய 400 கி.மீ. போனார்கள்.

மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு

முதல் நாள் வேதாரண்யம். 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய ஊர். ஒருபக்கம் உப்பளம், சற்றுத் தள்ளி மணற்பாங்கான கொல்லைகளில் மா, தென்னை, மல்லிகை. இங்கே ஆழமாகத் தோண்டுவதில்லை. ஆழமில்லாத குட்டை வெட்டி, ஊறும் தண்ணீரை அளவாக எடுத்துப் பாய்ச்சுகிறார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. மழைத் தண்ணீர் எடை குறைவு. கடல் தண்ணீர் எடை அதிகம். அதனால் மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேல் மட்டம் 1 அடி இறங்கினால், காலப்போக்கில் உப்பு 40 அடி ஏறிவிடும். மோட்டார் வைத்து இழுக்க இழுக்க உப்பு வருவது இதனால்தான். "நம்ம போரை இன்னும் 60 அடி இறக்கலாம்னு இருந்தேனே" என்றார் கணவர். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டார்.

விழுந்த தென்னையும் காயும் மிளகாயும்

அடுத்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையை வேரோடு சாய்த்தது. திரும்ப நட்டவர்களில் பலர், தென்னையை மட்டும் நம்பாமல் ஊடுபயிரும் வைத்திருக்கிறார்கள்.

தொண்டி தாண்டி ராமநாதபுரம் சீமையில் ஆண்டு முழுதும் தண்ணீர் ஓடும் ஆறு இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி, புரட்டாசி, ஐப்பசியில் முண்டு மிளகாய் விதைக்கிறார்கள். தை, மாசியில் பறிப்பு தொடங்கும். களத்தில் சிவப்பாகப் பரப்பிக் காயவைப்பதைப் பார்த்து மனைவி வண்டியை நிறுத்தச் சொன்னார். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இது. மழைத் தண்ணீரைத் தேக்க ஊருணியும் கண்மாயும்தான் அங்கே துணை.

தேரி மண்ணில் பனை

தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளர்கள் வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். திருச்செந்தூர்க் கடற்கரையில் பக்தர்களோடு பக்தர்களாக ஓர் இரவு படுத்தார்கள். மறுநாள் உடன்குடி. காற்றில் நகரும் செம்மணல் தேரியில் பனை நிற்கிறது. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கிக் காய்ச்சினால் கருப்பட்டி. யாரும் தண்ணீர் பாய்ச்சாத மரம் வருமானம் தருகிறது.

குத்தகை என்ன ஆனது?

நன்செய் நிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யாமல் பண்ணை நடத்தவும் முடியாது. தேக்கிய உப்புத் தண்ணீர் கசிந்து பக்கத்து வயலையும் கெடுக்கும். குத்தகைக் காலம் முடிந்த பிறகு உப்பு மட்டும் மண்ணில் தங்கும்.

ஊர் திரும்பிய தம்பதி வந்தவருக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். மண், தண்ணீர் இரண்டையும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். முடிவைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை. கார அமிலநிலை 8.5-க்கு மேல் போன களர் நிலம் என்றால் ஜிப்சம் இட வேண்டும். உவர் நிலம் என்றால் ஜிப்சம் பயன் தராது; மழைக்காலத்தில் நல்ல தண்ணீரைக் கட்டி, வடிகால் வழியாக உப்பை வெளியேற்ற வேண்டும். இரண்டுக்குமே தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவது நல்லது. நிலத்தின் மேட்டு மூலையில் ஆழமில்லாத ஒரு குட்டை வெட்டவும், வரப்பில் பனங்கொட்டை ஊன்றவும் முடிவு செய்திருக்கிறார்கள். இந்த வருடமே மூட்டை கூடிவிடும் என்று இருவரும் எதிர்பார்க்கவில்லை. கணவர் சொல்வது இதுதான்: "ரெண்டு சம்பா பார்ப்போம். நிலம் நம்ம கையில இருந்தாத்தானே பார்க்க முடியும்?"

பயணம் கிளம்புவோர் கவனிக்க

• கோடியக்கரை சரணாலயம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகியவற்றில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவோ தங்கவோ கூடாது.

• எந்த ஊரிலும் ஆள் நடமாட்டமும் விளக்கும் உள்ள இடத்தில், கேட்டுக்கொண்டு வண்டியை நிறுத்துங்கள். அலை ஏறும் மணலில் நிறுத்தாதீர்கள்.

• ஐப்பசி, கார்த்திகை புயல் காலம். மாசி, பங்குனி ஏற்ற மாதங்கள்.

• ஒரு பாட்டிலில் உங்கள் ஊர்த் தண்ணீரையும், ஒரு பையில் மண்ணையும் எடுத்துப் போங்கள். வழியில் பார்க்கும் விவசாயிகளிடம் காட்டிப் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல வழி இல்லை.